சோப்பு முதல் சலூன் வரை: கணக்கில் எழுதாத செலவு

2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. பற்பசை, பிரஷ், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், ஷாம்பு, முகப் பவுடர், ஷேவிங் க்ரீம் எல்லாவற்றுக்கும் அன்றே வரி குறைந்தது. ஆனால் அதே சோப்பு திரவமாகப் பாட்டிலில் வந்தால் பழைய 18தான். முக க்ரீம், லிப்ஸ்டிக், தலைச்சாயம் மூன்றும் 18லேயே நிற்கின்றன. டப்பாவில் வரும் கண்மைக்கு வரியே கிடையாது; பென்சிலாக வாங்கினால் உண்டு. சானிட்டரி நாப்கினுக்கு 2017 ஜூலையில் 12 சதவீதம் விதித்தார்கள். நாடெங்கும் பெண்கள் எதிர்த்துப் பேசிய பிறகு, ஏறக்குறைய ஓராண்டு கழித்து அதை எடுத்தார்கள்.

உடம்பைப் பேணும் பொருள்களில் எது அவசியம், எது ஆசை என்று அரசாங்கம் இப்படி ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. அது ஆண்டுக்காண்டு நகரவும் செய்கிறது. நம் வீடுகளிலும் இதே கோடு உண்டு. ஆனால் அதை யாரும் உட்கார்ந்து பேசிப் போட்டதில்லை. அப்பாவின் சலூன் செலவு அவசியம் என்றும், மகளின் ஃபேஸ்வாஷ் ஆடம்பரம் என்றும், அம்மாவுக்கு எதுவுமே வேண்டாம் என்றும் அது தானாக விழுந்து கிடக்கிறது.

இந்தச் செலவுக்குக் குடும்ப பட்ஜெட்டில் தனி இடம் வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. குறைக்க வேண்டும் என்பதற்காக அல்ல. பல வீடுகளில் சிலருக்குக் கூட்டவே வேண்டியிருக்கும்.

எங்கே ஒளிந்திருக்கிறது?

வீட்டு வாடகை, பால், கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ், சீட்டுப் பணம் என்று எழுதுகிறவர்கள்கூட இதைத் தனியாக எழுதுவதில்லை. சோப்பும் பற்பசையும் மளிகை லிஸ்ட்டில் பருப்போடு சேர்ந்துவிடுகின்றன. சலூன் செலவு அப்பாவின் சட்டைப்பையிலிருந்து போகிறது. த்ரெட்டிங்குக்குக் கொடுத்தது அம்மாவின் கைச்செலவு. மகள் போனில் வாங்கும் சீரம், அப்பாவின் கார்டில் ‘ஆன்லைன்’ என்ற ஒற்றைச் சொல்லாக நிற்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரத்து ஃபேஷியலைத் தீபாவளிச் செலவில் சேர்த்துவிடுகிறோம். ஐந்து பைகளிலிருந்து போகும் பணத்தை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

ஒருமுறை கூட்டிப் பார்ப்போம். மாதம் 45,000 ரூபாய் வருமானத்தில் வாழும் நால்வர் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்: பெற்றோர், கல்லூரிக்குப் போகும் மகள், பள்ளியில் படிக்கும் மகன். விலை ஊருக்கு ஊர் மாறும். இது மாதிரிக் கணக்குதான். சோப்பு 225, பற்பசை 120, ஷாம்பு 150, எண்ணெய் 200, நாப்கின் 200, ஆண்கள் இருவருக்கு முடிவெட்டு 300, பெண்கள் இருவருக்குப் புருவம் திருத்த 120, பவுடர், க்ரீம், சன்ஸ்கிரீன் எல்லாம் சேர்த்து 400, தலைச்சாயம் 100, பாடி ஸ்ப்ரே 150. மொத்தம் 1,965 ரூபாய். ஆண்டுக்கு 23,580. தீபாவளி, பொங்கல், நெருங்கிய சொந்தத்தில் இரண்டு கல்யாணம் என்று இன்னொரு 6,000 போட்டால் முப்பதாயிரத்தைத் தொடுகிறது. மாதம் சராசரி 2,500 ரூபாய். வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தரை சதவீதம். இதில் ஊதாரித்தனம் என்று சுட்டிக்காட்ட ஒரு பொருள்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு ரூபாய் பாக்கெட் கடலூரிலிருந்து வந்தது

இந்தச் செலவு நம் கணக்கில் தட்டுப்படாமல் போனதற்கு ஒரு பின்னணி உண்டு. அது தமிழ்நாட்டிலேயே தொடங்கியது. ஷாம்பு கண்ணாடிப் புட்டியிலும் பிளாஸ்டிக் பாட்டிலிலும் மட்டுமே கிடைத்த காலத்தில், கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் அதைச் சிறு பாக்கெட்டில் அடைக்கும் வழியைக் கண்டார். அவர் பிள்ளைகள் அதை ‘வெல்வெட்’ ஷாம்பு என்று சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியே பிரிந்து போய் ‘சிக்’ ஷாம்பு தொடங்கினார். காலி பாக்கெட் ஐந்து கொடுத்தால் ஒரு புதுப் பாக்கெட் இலவசம் என்று கிராமத்துப் பெட்டிக்கடை வரை அதைக் கொண்டுசேர்த்தார். அவருடைய நிறுவனம்தான் பின்னாளில் கெவின்கேர் ஆனது. அதே குடும்பத்தின் இன்னொரு மகன் சி.கே.குமரவேல், மனைவி வீணாவோடு சேர்ந்து 2000இல் சென்னையில் ‘நேச்சுரல்ஸ்’ அழகு நிலையத்தைத் தொடங்கினார். தென்னாட்டு நடுத்தர வர்க்கத்தின் தலைமுடிச் செலவைப் பாக்கெட்டில் தொடங்கி ஏ.சி. சலூன் வரைக்கும் கொண்டுபோனதில் ஒரே குடும்பத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

பாக்கெட் செய்தது நல்ல காரியம். கூலி வேலைக்குப் போகிற பெண்ணும் வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டுக் குளிக்க முடிந்தது. அதை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று உடைந்த பணத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. அந்தப் பழக்கம் இன்று 499 ரூபாய் சீரம் வரை வந்துவிட்டது.

சிறியதாக வாங்கினால் நஷ்டம், மொத்தமாக வாங்கினால் லாபம் என்று பொதுவாகச் சொல்வோம். ஷாம்புக்கு அது பல சமயம் பொருந்துவதில்லை. பாக்கெட்டில் எத்தனை மில்லி, பாட்டிலில் எத்தனை மில்லி என்று வகுத்துப் பார்த்தால் பாக்கெட்டே மலிவாக இருப்பதைப் பார்க்கலாம். வகுக்கவும் வேண்டியதில்லை. ஒரு கிராம் அல்லது ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று பெரும்பாலான பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி. பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எழுத்து பொடியாக இருக்கும்; கண்ணாடி போட்டுப் பாருங்கள். ‘பெண்களுக்கு’ என்று ரோஜா நிறத்தில் வரும் ரேஸரையும் பக்கத்து ரேக்கில் இருக்கும் சாதாரண ரேஸரையும் ஒப்பிட இந்த வழக்கம் உதவும். தோலுக்கு ஆண், பெண் என்று தனி பிளேடு தேவையில்லை.

சோப்பிலும் இப்படிப் படிக்க ஒன்று உண்டு. பின்புறம் ‘டி.எஃப்.எம்.’ என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். சோப்பில் உள்ள கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்கில் 76க்கு மேல் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். அதற்கும் கீழே 40 வரை போகும் கட்டிகள் ‘பாத்திங் பார்’ என்ற பெயரில் வருகின்றன. உறையில் நடிகை சிரிப்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. விலை அதிகமான கட்டியில் எண் குறைவாக இருப்பதும் உண்டு. வறண்ட தோலுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவர்கள் சொல்லும் சோப்பில்லாத கட்டிகளுக்கு மட்டும் இந்த அளவுகோல் பொருந்தாது.

முதல் விலை வேறு, தொடர் விலை வேறு

பியூட்டி பார்லரிலும் தோல் க்ளினிக்கிலும் நாம் கேட்பது ‘எவ்வளவு ஆகும்?’ என்ற கேள்வி. கேட்க வேண்டியது ‘எத்தனை நாளைக்கு ஒருமுறை ஆகும்?’ என்பது. பணம் கரைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. 2,500 ரூபாய் கொடுத்து முழுத் தலைக்கும் கலர் அடித்துக்கொண்டவருக்கு ஆறாவது வாரம் வேரில் வெள்ளை தெரியும். அதை மட்டும் தொட்டுவிட 900 ரூபாய் என்றால், ஆண்டுக்கு எட்டு முறை 7,200. ஆக அந்தக் கலரின் உண்மையான விலை 9,700 ரூபாய். நேராக்கிய முடிக்கும் இதே கதைதான்: பழைய முடி நேராக இருக்கும், புதிதாக முளைப்பது பிறவிச் சுருளோடு வரும்.

ஆண்களுக்கு மினாக்ஸிடில். காலையும் இரவும் ஒரு மில்லி தடவினால் 60 மில்லி பாட்டில் சரியாக ஒரு மாதம் வரும். பாட்டில் 600 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 7,200. பலன் தெரியவே நான்கு மாதம் ஆகலாம். நிறுத்தினால் வளர்ந்தது சில மாதங்களில் கொட்டிவிடும். கல்யாணம் வரைக்கும் போட்டுக்கொள்ளலாம் என்று தொடங்கும் பையன்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லிய பிறகும் அவன் வேண்டும் என்றால், அது அவன் தலை, அவன் தீர்மானம். ஆனால் அந்தத் தீர்மானத்தை 600 ரூபாயாக நினைத்து எடுக்கக்கூடாது.

தொடர் விலையைப் பார்க்கும் பழக்கம் எதிர்த்திசையிலும் உதவும். மாதவிடாய்க் கப் 400 ரூபாய் என்றால் மலைப்பாக இருக்கும். மாதம் 15 நாப்கின், ஒன்று 6 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,080. கப் பல ஆண்டுகள் உழைக்கும். எல்லாருக்கும் அது ஒத்துக்கொள்வதில்லை, கட்டாயமும் இல்லை. நாப்கினே வசதி என்றால் மக்கள் மருந்தகங்களில் 2019 முதல் ஒன்று ஒரு ரூபாய்க்குத் தருகிறார்கள். வளரிளம் பெண்களுக்குத் தமிழக அரசு 2012இலிருந்து ‘புதுயுகம்’ திட்டத்தில் இலவசமாகவே கொடுத்துவருகிறது. வீட்டில் பணம் நெருக்கும்போது முதலில் கைவைக்கும் இடமாக நாப்கின் இருப்பதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. பட்ஜெட்டில் அரிசிக்கு அடுத்த வரியில் அதை எழுத வேண்டும்.

பார்லர்களில் ‘பத்தாயிரம் முன்பணம் கட்டினால் பன்னிரண்டாயிரத்துக்குச் சேவை’ என்பார்கள். இரண்டாயிரம் லாபம்போல் தோன்றும். ஆனால் பட்டியலில் இல்லாததையும் செய்துகொள்ளத் தூண்டுவது அந்த மீதித் தொகைதான். கிளை மூடினால், ஆள் மாறினால், காலாவதித் தேதி தாண்டினால் பணம் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்காமல் கட்டாதீர்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வரியும் பாருங்கள்: சலூன், பார்லர் சேவைக்கு இப்போது 5 சதவீதம்தான். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத, பதிவு செய்யாத தெருமுனைச் சலூன் வரியே வாங்கக்கூடாது.

வெட்கத்தை விற்கும் க்ரீம்

எந்தச் செலவை முற்றாக நிறுத்தலாம் என்று கேட்டால் என் பதில் ஒன்றே: வெள்ளையாக்கும் என்று சொல்லி விற்கும் எதையும். நாட்டின் பெயர்பெற்ற சிவப்பழகு க்ரீம் 1975இல் வந்தது. பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுக்க 2020 வரை ஆயிற்று. சென்னையில் கவிதா இம்மானுவேல் 2009இல் தொடங்கிய ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் பல ஆண்டுகள் இதற்காகப் பேசியது. பெயர் மாறியது. நம் வீட்டுப் பெண் பார்க்கும் படலத்தில் ‘கொஞ்சம் கலர் கம்மி’ என்ற சொல் மாறவில்லை. அந்தச் சொல்லுக்குக் கொடுக்கும் வரிதான் இந்த க்ரீம்களின் விலை.

பணம் மட்டும் போனால்கூடப் பரவாயில்லை. பெயர் தெரியாத க்ரீம்களில் பாதரசம் இருக்கலாம். கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அதில் 15 பேருக்கு அந்த நோயின் அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் நோய் வருவதற்கு முன் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதினார்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. இன்னொரு பக்கம் ஸ்டீராய்டு களிம்புகள். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. இன்றும் ‘முகத்துக்கு ஏதாவது குடுங்கண்ணா’ என்று கேட்டால் சில மருந்துக்கடைகளில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. பூசிய சில நாளில் முகம் பளிச்சிடும். மாதங்கள் போனால் தோல் மெலியும், சிவக்கும், பரு வரும், நிறுத்தினால் எரியும். அதைச் சரிசெய்ய ஆகும் மருத்துவச் செலவு க்ரீமின் விலையைப்போலப் பல மடங்கு. கண்ணாடியில் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு பெண் கழிக்கும் அந்த மாதங்களை எந்தப் பட்ஜெட்டில் எழுதுவது?

வேலை கேட்கும் ஒப்பனை

இந்தச் செலவைப் பேசும்போது ஆசை என்ற சொல்லே முதலில் வருகிறது. ஆனால் தி.நகரிலோ மதுரை மாசி வீதிகளிலோ துணிக்கடைக்குள் போய்ப் பாருங்கள். கொண்டை, பொட்டு, பவுடர், மடிப்புக் கலையாத புடவை. பல கடைகளில் அது விதி. 2021இல் தமிழக அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி, விற்பனைப் பணியாளர் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. பத்து மணி நேரம் நின்ற கால்களுக்கு அந்த ஸ்டூல் வந்தது பெரிய நியாயம். ஆனால் முகத்துக்கும் முடிக்கும் ஆகும் செலவு இன்னும் அந்தப் பெண்ணின் சம்பளத்திலிருந்துதான் போகிறது.

சீருடை துவைக்கத் தொழிற்சாலைகளில் சலவைப்படி கொடுக்கிறார்கள். வரவேற்பறைப் பணிப்பெண்ணுக்கும் ஓட்டல் பணியாளருக்கும் நகைக்கடை விற்பனையாளருக்கும் ஒப்பனைப்படி ஏன் கொடுக்கக்கூடாது? கேட்டால் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலை கேட்கிற செலவைப் பட்ஜெட்டில் தனியே எழுதினால், அது தன் ஆடம்பரம் அல்ல, வேலையின் செலவு என்று அந்தப் பெண்ணுக்காவது தெரியும். வேலை மாறும்போது சம்பளம் பேச அந்த எண் உதவும்.

நலங்கு மாவும் ஞாயிற்றுக்கிழமையும்

செலவைக் குறைக்க எல்லாரும் சொல்லும் வழி வீட்டுத் தயாரிப்பு. நாட்டு மருந்துக் கடையில் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்தால் நலங்கு மாவு. சீயக்காயோடு வெந்தயமும் பூந்திக்கொட்டையும் சேர்ந்தால் தலைக்கு. கோவை, ஈரோடு பக்கம் அரைப்புத் தூள். மணமும் தோலின் மிருதுவும் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். வாங்கும் சோப்பையும் ஷாம்புவையும்விட மலிவாகவும் முடியும்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். நலங்கு மாவில் சிலர் சேர்க்கும் கார்போக அரிசிக்கு, வெயில் பட்டால் தோலைக் கருக்கவும் கொப்புளிக்கவும் வைக்கும் குணம் உண்டு. மூலிகை என்பதாலேயே குழந்தைக்குப் பூசக்கூடாது. இன்னொன்று, காயவைத்து, மில்லுக்குத் தூக்கிப் போய், சலித்து, டப்பாவில் அடைப்பது யார்? பெரும்பாலும் அம்மா, அவருக்குக் கிடைக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில். விருப்பத்தோடு செய்தால் அழகு. ‘மிச்சம் பிடிக்க’ என்று அவர் தலையில் கட்டினால், அந்த மிச்சத்துக்கான கூலி எழுதப்படாத செலவாகவே தொடரும்.

வருஷக் கணக்கு

எப்படி எழுதுவது? மாதக் கணக்கு இதற்குச் சரிவராது. புரட்டாசியில் பார்லர் காலியாக இருக்கும், ஐப்பசியில் வரிசை நிற்கும். தையும் பங்குனியும் வைகாசியும் ஆவணியும் கல்யாண மாதங்கள். ஆண்டுச் செலவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் தனி உறையில் அல்லது தனிக் கணக்கில் போட்டுவைத்தால் தீபாவளிக்குக் கடன் அட்டையைத் தேட வேண்டியதில்லை.

உறைக்குள் முதலில் எடுத்து வைப்பது சோப்பு, பற்பசை, எண்ணெய், நாப்கின் போன்ற சுத்தத்துக்கானவை. இதில் கை வைக்கக் கூடாது. அடுத்து வேலையும் பள்ளியும் கேட்பவை. மீதி வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும், கணக்குக் கேட்காமல். இருநூறு ரூபாயாகவும் இருக்கலாம். பாட்டி அதில் சாந்துப்பொட்டு வாங்கலாம், மகன் ஜெல் வாங்கலாம், மகள் மூன்று மாதம் சேர்த்து ஒரு லிப்ஸ்டிக் வாங்கலாம். கணவரை இழந்த அத்தைக்கும் அந்தப் பங்கு உண்டு. ‘அவளுக்கு எதுக்கு பவுடர்’ என்ற பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது.

வாங்கியதைத் தீர்க்கும் முன் அடுத்ததை வாங்காமல் இருப்பதும் பெரிய சேமிப்பு. திறந்த மூடிபோன்ற படத்துக்குள் ‘6எம்’, ‘12எம்’ என்று சில டப்பாக்களில் போட்டிருக்கும். திறந்தபின் அத்தனை மாதமே நல்லது என்று பொருள். நான்கு க்ரீமை ஒரே சமயத்தில் திறந்து வைத்தால் நான்கும் பாதியில் கெடும். அதே பணத்தில் சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளம் எடுத்துத் தாராளமாகப் பூசினால் தோலுக்குக் கிடைக்கும் பலன் அதிகம்.

கடைசியாக, ஒரே நாளில் பெரும் தொகை போகும் மணப்பெண் அலங்காரம். பேசும்போது ஒரு தொகை, முடிவில் ஒரு தொகை என்று மனக்கசப்பு வருவது இங்கேதான். முகூர்த்தத்துக்கும் வரவேற்புக்கும் சேர்த்தா, தனித்தனியா? புடவை மடித்துக் கட்டிவிடுவது அதில் சேருமா? பூ, சடை அலங்காரம், ஒட்டுமுடி யார் செலவு? அம்மாவுக்கும் அக்காவுக்கும் போட்டால் தலைக்கு எவ்வளவு? அதிகாலை மூன்று மணிக்கு மண்டபத்துக்கு வரும் வண்டிச் செலவு யாருடையது? முன்னோட்டம் ஒருமுறை போட்டுக் காட்டுவார்களா, அதற்குத் தனிப் பணமா? அவர் வர முடியாவிட்டால் யார் வருவார்? இவற்றுக்கான பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் அனுப்புங்கள். தொகை எவ்வளவு, யார் கொடுப்பது என்ற பேச்சில் மணப்பெண்ணையும் உட்காரவையுங்கள். பல வீடுகளில் அவளைக் கேட்காமலேயே அவள் முகத்துக்கு விலை பேசி முடித்துவிடுகிறார்கள்.